திடலுக்குப் பேப்பர் இருக்கா? — அக்காவைக் கேளுங்க

போன மாசம் லோங்காங் (சாக்கடை) அடைச்சா யாரைக் கூப்பிடணும்னு ஒரு சின்ன பதில் போட்டேன், அதுல போற போக்குல "உங்க தாமான் (குடியிருப்பு) திடல் யாரோடதுன்னு தெரியுமா"ன்னு ஒரு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், அதுக்கப்புறம் வந்த கடுதாசி வாட்ஸ்அப் எல்லாமே திடல், மலை, மரம், மரத்தடி சாமின்னு நிலத்தைப் பத்தியேதான். சரி, இந்த மாசம் பூரா நிலம். மாமியார் விஷயமா எழுதின ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் கண்டிப்பா.

ஒன்னு முன்கூட்டியே சொல்லிடறேன், நான் லாயர் இல்ல, லாயர் ஆபீஸ்ல 20 வருஷத்துக்கு மேல கிராணியா இருந்தவ. கோர்ட்டுக்குப் போற அளவுக்கு விஷயம் முத்திடுச்சுன்னா லாயரைப் போய்ப் பாருங்க.

கேள்வி: அக்கா, எங்க தாமான் பின்பக்கம் ஒரு திடல், அதை ஒட்டி மலைச்சரிவு, எல்லாம் சேர்த்து ரெண்டு ஏக்கர் இருக்கும். 30 வருஷமா பிள்ளைங்க பந்து ஆடுற இடம். நோன்புப் பெருநாள் முடிஞ்ச கையோட ரெண்டு பேர் முக்காலி வச்சு அளந்துட்டுப் போனாங்க. பயந்துபோய் "மன்றம் காசு ஒதுக்கி இந்த நிலத்தை வாங்கிப் பாதுகாக்கணும்"னு எழுதி 400 கையெழுத்து வாங்கிட்டோம். ஒரு கவுண்டர்ல "நிலம் எங்களோடது இல்ல"ன்னாங்க. இன்னொரு ஆபீஸ்ல "புல்லு வெட்டுறவங்ககிட்ட போய்க் கேளுங்க"ன்னாங்க. மூணு நாள் லீவு போனதுதான் மிச்சம். யார் சொல்றது நெஜம்? — ஊர் பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்ட வாசகர், பினாங்கு

பதில்: ரெண்டு பேர் சொன்னதும் நெஜம்தான் தம்பி, அதான் கொடுமை.

நம்ம நாட்டுல நிலம் மாநிலத்தோட விஷயம். அரசியலமைப்புச் சட்டத்தோட ஒன்பதாவது அட்டவணையில நிலம், காடு, ஊராட்சி மன்றம் மூணையும் மாநிலப் பட்டியல்லதான் போட்டிருக்காங்க. மன்றம் புல்லு வெட்டும், விளக்கு போடும், ஊஞ்சல் சங்கிலி அறுந்தா மாத்தும், ஆனா நிலத்துக்குச் சொந்தக்காரன் கிடையாது. வாடகை வீட்டுல குடியிருந்துக்கிட்டு வருஷாவருஷம் பெயிண்ட் அடிக்கிற மாதிரின்னு வச்சுக்குங்க. அதனால உங்க மனுவுல "வாங்கணும்"ங்கிற வார்த்தையே இடிக்குது. அது அரசாங்க நிலமா இருந்தா அதை எதுக்கு வாங்கணும், ஏற்கனவே பொதுச் சொத்துதானே. அங்க குறையுறது காசு இல்ல, ஒரு பேப்பர்.

1965 தேசிய நிலச் சட்டத்துல 62-வது பிரிவு. மாநில அரசாங்கம் தன் நிலத்தை இன்ன பொதுக் காரியத்துக்குன்னு ஒதுக்கி கெசட்ல போடலாம். வார்த்தான்னு சொல்றோமே அதுதான். போட்டுட்டா அந்த ஒதுக்கீடு இருக்குற வரைக்கும் அந்த நிலத்துக்கு வேற யாருக்கும் கிராண்ட், அதாவது நிலப் பட்டா, எழுதிக் கொடுக்க முடியாது.

எங்க தாமான் திடலோட வார்த்தா போட்டோஸ்டேட் ஒன்னு என் பீரோவுல, சேலைக்கு அடியில இருக்கு. பார்த்தீங்கன்னா இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்னு இருக்கும். ஒரே தாள், அதுலயும் பாதி வெத்து. முக்கிம் (வட்டாரம்) பேரு, லாட் நம்பர், எத்தனை சதுர மீட்டர், பிளான் நம்பர், என்ன காரியத்துக்குங்கிற இடத்துல "கவாசான் லாப்பாங்" (திறந்தவெளி), கடைசியா பொறுப்பு அதிகாரி யாருன்னு, அதுவும் ஆள் பேரு இல்ல பதவிப் பேரு. அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு தாளுக்காக எங்க குடியிருப்பாளர் சங்கம் நாலு வருஷம் நடையா நடந்துச்சு, செலவுன்னு எழுதி வச்சிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தா போட்டோஸ்டேட், பஸ் காசு, கூட்டத்துக்கு வாங்கின கறிபாப், இதைத் தவிர வேற ஒன்னுமே இல்ல.

இப்ப உங்க திடல் மூணு ரகத்துல எந்த ரகம்னு முதல்ல கண்டுபிடிங்க. வார்த்தா ஆனதா இருந்தா நீங்க பாதி ஜெயிச்சாச்சு. ரெண்டாவது ரகம், தாமான் கட்டினப்போ டெவலப்பர் திறந்தவெளிக்குன்னு விட்டது, வழக்கமா பத்து சதவீதம் விடச் சொல்வாங்க, அதை அரசாங்கத்துக்குத் திருப்பிக் கொடுத்த மாதிரி பிளான்ல மட்டும் பச்சை கலர் அடிச்சிருக்கும், வார்த்தா போடவே மறந்திருப்பாங்க. எனக்குப் பயமே இந்த ரகம்தான், ஏன்னா ஊரே திடல்னு நினைச்சுக்கிட்டு இருக்கும், ஃபைல்ல பார்த்தா வெறும் அரசாங்க நிலம், நாளைக்கே யாராவது மனு போட்டா கொடுக்கலாம். மூணாவது ரகம் தனியார் கிராண்ட், இத்தனை நாள் சொந்தக்காரன் சும்மா விட்டிருக்கான். இதுக்குத்தான் நெஜமாவே காசு வேணும். 1960 நிலம் கையகப்படுத்தும் சட்டத்துல எடுத்தா மார்க்கெட் விலை கொடுத்தாகணும், ரெண்டு ஏக்கர்னா 87,120 சதுர அடி, சும்மா ஒரு பேச்சுக்கு சதுர அடி 100 வெள்ளின்னு போட்டாலே 8.7 மில்லியன் வெள்ளி. ஒரு தாமான் திடலுக்கு எந்த மன்றமும் இவ்ளோ காசை எடுத்து நீட்டாது, மனசைத் தேத்திக்குங்க.

எந்த ரகம்னு தெரிஞ்சுக்க லாட் நம்பரை எடுத்துக்கிட்டு லேண்ட் ஆபீஸ்ல தேடச் சொல்லுங்க. கிராண்ட் இருந்தா தேடல்ல வரும், வார்த்தா நிலம்னா கிராண்டே இருக்காது, அதனால "ஒன்னும் இல்ல"ன்னு சொன்னா திரும்பி வந்துடாதீங்க, "அப்ப வார்த்தா நம்பர் என்ன"ன்னு அங்கயே நின்னு கேளுங்க. வாயால கேட்டா அலைக்கழிப்பாங்க, எழுத்துல கேளுங்க, பினாங்குல தகவல் அறியும் சட்டம்னு மாநிலச் சட்டமே ஒன்னு இருக்கு, சிலாங்கூர்லயும் இருக்கு, நம்ம ஆளுங்க பல பேருக்கு அது இருக்குறதே தெரியாது.

வார்த்தா ஆயிட்டா கால் நீட்டித் தூங்கலாமான்னா, அதுவும் முடியாது. 64-வது பிரிவுல மாநிலம் அதை ரத்து பண்ணலாம். ஆனா ரத்து பண்றதுக்கு முன்னாடி நோட்டீஸ் போட்டு, ஆட்சேபம் இருந்தா வந்து சொல்லுங்கன்னு விசாரணை நடத்தணும். நோட்டீசை நம்ம ஆளுங்க யாரும் பார்க்கலைன்னா விசாரணை காலி நாற்காலிக்கு நடந்து முடிஞ்சிடும்.

மலைச்சரிவுன்னு எழுதியிருந்தீங்க இல்ல, அது தனி சங்கதி. 1960 நிலப் பாதுகாப்புச் சட்டம்னு ஒன்னு இருக்கு, மாநிலம் ஒரு இடத்தை மலை நிலம்னு அறிவிச்சுட்டா அனுமதி இல்லாம அங்க செடிகொடியை அழிக்கக் கூடாது, தனியார் நிலமா இருந்தாலும்கூட. அது போக, பினாங்குல கடல் மட்டத்துக்கு மேல 76 மீட்டரைத் தாண்டினா இல்ல 25 டிகிரிக்கு மேல சரிஞ்சிருந்தா மலை நிலம்னு கணக்கு. உங்க சரிவு எவ்ளோ உயரம்னு எழுதலையே?

கடைசியா, அந்த 400 கையெழுத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கையெழுத்து எதுக்காகப் போட்டதோ அதைத்தான் காட்டணும், அதனால மனுவை மாத்தி எழுதி இன்னொரு தடவை வீடு வீடா ஏறுங்க, தலைவிதி. மாநிலத்துக்கு ஒன்னு: "62-வது பிரிவுல ஒதுக்குங்க." மன்றத்துக்கு ஒன்னு: "நிலத்தை ஒதுக்கினா பராமரிப்புப் பொறுப்பை நாங்க ஏத்துக்கறோம், வருஷ பட்ஜெட்ல இடம் வைக்கிறோம்னு மாநிலத்துக்கு ஒரு கடுதாசி கொடுங்க." இந்த ரெண்டாவது கடுதாசிதான் முக்கியம், ஏன்னா வார்த்தாவுல பொறுப்பு அதிகாரின்னு ஒருத்தரைக் காட்டியாகணும், யாரும் ஏத்துக்க முன்வரலைன்னா ஃபைல் அப்படியே படுத்துடும். எங்க தாமான் ஃபைல் ரெண்டு வருஷம் படுத்திருந்தது இதுக்காகத்தான்.

கேள்வி: பூங்காவுக்கும் திடலுக்கும்னு தனியா வீட்டு வரியைக் கொஞ்சம் ஏத்தினா நான் கட்டத் தயார். என் வீட்டுக்காரர் "உனக்கென்ன பைத்தியமா"ன்னு சண்டைக்கு வர்றாரு. யார் பக்கம் நியாயம்? — இல்லத்தரசி, பட்டர்வொர்த்

பதில்: மனசால உங்க பக்கம், கணக்கால அவர் பக்கம்னு சொல்லி தப்பிச்சுக்கலாம்னு பார்த்தேன், ஆனா கணக்கும் உங்க பக்கம்தான் நிக்குது.

சுக்காய் பிந்து, அதாவது நீங்க சொல்ற வீட்டு வரி, 1976 ஊராட்சி மன்றச் சட்டத்துல வர்றது. வீட்டை வாடகைக்கு விட்டா வருஷத்துக்கு எவ்ளோ வரும்னு ஒரு மதிப்பு போட்டு அதுல ஒரு சதவீதம், சட்டம் 35 சதவீதம் வரைக்கும் போகலாம்னு சொல்லுது, எந்த மன்றமும் அதுக்குப் பக்கத்துல கூடப் போறது இல்ல. இப்ப உங்க வீடு மாசம் 1,000 வெள்ளி வாடகை போகும்னு வச்சுக்கோங்க, வருஷத்துக்கு 12,000. அதுல அரை சதவீதம் கூட்டினா 60 வெள்ளி. மாசம் அஞ்சு வெள்ளி. இப்பல்லாம் அஞ்சு வெள்ளிக்கு நாசி கண்டார் கடையில சோத்து மேல குழம்பு மட்டும்தான் ஊத்துவான். 20,000 வீட்டுல இந்த அஞ்சு வெள்ளி சேர்ந்தா வருஷத்துக்கு 1.2 மில்லியன். நிலம் வாங்கக் காணாது, ஆனா இருக்குற திடல்ல அளவுக்கல்லு ஊன, வேலி போட, மண்ணு சரிஞ்சா தடுப்புக் கட்ட, இதுக்கெல்லாம் தாராளமா ஆகும்.

உங்க வீட்டுக்காரர் சொல்லாம விட்ட பாயிண்ட் ஒன்னு இருக்கு, அதை நான் சொல்றேன், அவருக்குக் காட்டாதீங்க. வரி மன்றத்தோட பொதுப் பானையிலதான் விழும். குப்பை லாரி, லோங்காங், ரோட்டு விளக்கு, சம்பளம் எல்லாம் அதுலேருந்துதான். பூங்காவுக்குன்னு சொல்லி ஏத்தின காசு மூணாவது வருஷமே குப்பை லாரிக்கு டயர் வாங்கப் போயிடும், யாரும் திருடினதா அர்த்தம் இல்ல, பானை அப்படி. அதனால வரியை ஏத்துன்னு கேக்குறதுக்கு முன்னாடி "தனிக் கணக்கு வைப்பீங்களா, வருஷாவருஷம் வரவு செலவை நோட்டீஸ் போர்டுல ஒட்டுவீங்களா"ன்னு கேளுங்க. அதுக்கு மழுப்புனா உங்க வீட்டுக்காரர் ஜெயிச்சுட்டாரு.

புதுசா பானை வைக்கிறது முடியாத காரியம் இல்ல. பினாங்குல 2014-லேருந்து ஹோட்டல்ல தங்குறவங்ககிட்ட ராத்திரிக்கு ரெண்டு வெள்ளி மூணு வெள்ளின்னு மன்றம் வாங்குது, அதுக்குன்னு தனியா விதி போட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. கட்டடம் எழுப்புறவங்ககிட்ட மேம்பாட்டுக் கட்டணம் வாங்க 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்துல 32-வது பிரிவு இருக்கு, நிலத்தோட மதிப்பு மன்றத்தோட முடிவால ஏறுச்சுன்னா அந்த ஏத்தத்துல ஒரு பங்கு. என்னைக் கேட்டா உங்க அஞ்சு வெள்ளிக்கு முன்னாடி அதுலேருந்து ஒரு பங்கைத் திடலுக்குத் தனியா எடுத்து வைக்கணும், பச்சையை ஒட்டி கொண்டோ கட்டி "பூங்கா வியூ"ன்னு விளம்பரம் போட்டு விக்கிறவங்க அந்தப் பூங்காவுக்குக் கொடுத்தா என்ன தேஞ்சா போயிடுவாங்க?

உங்க தாமான் பொம்பளைங்க கூடி உக்காந்து பேசுங்க. 2012-லேருந்து பினாங்குல மகளிர் மேம்பாட்டுக் கழகமும் ரெண்டு மன்றமும் சேர்ந்து, மன்றத்துக் காசை எதுல போடணும்னு குடியிருக்குறவங்களே ஓட்டுப் போட்டுச் சொல்ற திட்டத்தை மலிவுவிலை ஃபிளாட்டுங்கள்ல நடத்திப் பார்த்திருக்காங்க, ஜாலான் சுங்கைலயும் அம்பாங்கான்லயும். காசு சின்னதுதான். ஆனா சனங்க கேட்டது செலவா மாறுச்சு.

கேள்வி: என் மருமகன் அமெரிக்காவுல கொலராடோ பக்கம் இருக்கார். அங்க ஊர்க்காரங்களே ஓட்டுப் போட்டு வரி ஏத்திக்கிட்டு மலையை விலைக்கு வாங்கினாங்களாம். ரீல் விடறாரா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், பாயான் லெப்பாஸ்

பதில்: இந்தத் தடவை மருமகன் சொன்னது நெஜம் ஐயா. பௌல்டர்னு ஒரு ஊரு. 1967-ல சனங்க ஓட்டுப் போட்டு விற்பனை வரியில 0.4 சதவீதம் கூட்டிக்கிட்டாங்க, அதாவது 100 டாலருக்குச் சாமான் வாங்கினா 40 காசு நிலத்துக்கு. நிலம் வாங்குறதுக்குன்னே ஓட்டுப் போட்டு வரி போட்டுக்கிட்ட முதல் ஊருன்னு அந்த நாட்டுல பேரு அதுக்கு, இன்னைக்கு 45,000 ஏக்கருக்கு மேல ஊர்ப் பொறுப்புல இருக்கு. மத்திய அரசாங்கத்துலயும் ஒரு ஃபண்டு உண்டு, 1964-ல சட்டம் போட்டது, கடலுக்கடியில எண்ணெய் எரிவாயு எடுக்குறவங்க கட்டுற காசுலேருந்து வருது, 2020-லேருந்து வருஷத்துக்கு 900 மில்லியன் டாலர்னு நிரந்தரமாக்கிட்டாங்க. அதுலேருந்து மாநிலத்துக்கும் ஊருக்கும் போற பங்கை வாங்கணும்னா உள்ளூர்ல பாதிச் செலவைப் போட்டாகணும். அங்க உள்ளூர் மன்றம் ஆதரவுங்கிறது தீர்மானம் போட்டு கைதட்டுறது மட்டும் இல்ல, பையில கை விடறது.

நம்ம ஊருல அப்படியே செய்ய முடியாது. விற்பனை வரி மத்திய அரசாங்கத்தோடது. ஓட்டுன்னு பார்த்தா உள்ளூர் மன்றத்துக்கு ஓட்டே கிடையாது, கவுன்சிலர்களை மாநிலம் நியமிக்குது. ஒரு காலத்துல இருந்துச்சு ஐயா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், 1957-ல ஜார்ஜ்டவுன் மாநகரமானப்போ முதல் மேயர் நம்ம டி.எஸ். இராமநாதன்தான், ஸ்காட் ரோடு இன்னைக்கு அவர் பேர்லதான் இருக்கு. 1965-ல தேர்தலை நிறுத்தி வச்சாங்க, 1976 சட்டத்தோட கதவையே சாத்திட்டாங்க. அதனாலதான் இங்க எல்லாத்துக்கும் மனு, கடுதாசி, ஒய்பி (மக்கள் பிரதிநிதி) வீட்டு வாசல்.

கேள்வி: சோழர் காலத்துலயே ஏரியைக் காப்பாத்த ஊர்சபையில தனிக் குழு இருந்துச்சாமே? — கல்லூரி மாணவி, கோலாலம்பூர்

பதில்: இருந்துச்சு. உத்திரமேரூர் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டு. ஏரி வாரியம், தோட்ட வாரியம்னு தனித்தனியா, குடவோலையில ஆள் எடுத்து 360 நாள் பதவி. பெருமை பேசுறவங்க எல்லாரும் இதோட நிறுத்திக்குவாங்க, எனக்குப் பிடிச்சது அதுக்கு அடுத்த வரி: வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது, அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாது. பட்டர்வொர்த் அம்மாவைக் கேக்கச் சொன்னேனே, அந்தத் தனிக் கணக்கு இதேதான்.

கேள்வி: காட்டைக் காப்பாத்துற மாநிலத்துக்கு மத்திய அரசாங்கம் காசு கொடுக்குதுன்னு செய்தியில பார்த்தேன். அது எங்க ஊர் பூங்காவுக்கு வருமா? — வாசகர், பாலிக் பூலாவ்

பதில்: வராதுங்க. அது ஈ.எஃப்.டி.ன்னு சொல்ற சூழலியல் நிதிப் பரிமாற்றத் திட்டம், 2019 பட்ஜெட்டுல 60 மில்லியன் வெள்ளியில ஆரம்பிச்சது, 2023-ல 150, 2024-ல 200, 2025-ல 250 மில்லியன்னு ஏறிக்கிட்டு வந்திருக்கு. மாநிலத்துக்குப் போற காசு, பாதுகாக்கப்பட்ட காட்டுக்கும் கடல் பகுதிக்கும். தாமான் ஊஞ்சலுக்கு இல்ல.

ஆனா இது எதுக்காக வந்துச்சுன்னு தெரிஞ்சா உங்க பூங்கா கதையும் புரிஞ்சிடும். மாநிலத்துக்குன்னு சொந்தமா இருக்குற வருமானத்துல பெருசு நிலம், கனிமம், காடு. வருமான வரி, விற்பனை வரி எல்லாம் மத்தியத்துக்குப் போயிடுது. அப்ப மாநிலத்துக்குக் காசு தட்டுப்பாடு வந்தா என்ன செய்யும், மரத்தை வெட்ட லைசென்ஸ் கொடுக்கும், நிலத்தை எழுதிக் கொடுத்து பிரீமியம் வாங்கும். கெட்டவங்கன்னு சொல்ல வரல, அவங்க பையில வேற ஒன்னும் இல்ல. கையில காசு இல்லாதப்ப நிலமே காசாயிடுது. வெட்டாம வச்சிருந்தாலும் காசு வரும்னு ஒரு வழி காட்டத்தான் இந்த ஈ.எஃப்.டி. இந்தியாவுல 2015-லேருந்து மாநிலங்களுக்கு வரிப் பங்கு பிரிக்கிற கணக்குலயே காட்டுப் பரப்புக்கு 7.5 சதவீத எடை கொடுத்தாங்க, அடுத்த நிதி ஆணையம் 10 ஆக்குச்சு. பிரேசில்ல பரானா மாநிலம் 1991-லயே ஒரு படி கீழ இறங்கி நேரா நகராட்சிக்கே கொடுக்க ஆரம்பிச்சிடுச்சு, எந்த ஊரு எல்லைக்குள்ள பாதுகாத்த நிலமும் தண்ணிப் பிடிப்பும் இருக்கோ அந்த ஊருக்குக் கூடுதல் பங்கு.

நம்ம ஊருல காசு மாநிலத்தோட நின்னுடுது, மன்றம் வரைக்கும் இறங்குற மாதிரி வழி இல்ல. கொடிமலை, தண்ணிமலை அருவிப் பக்கம் எல்லாம் சேர்த்து 12,481 ஹெக்டர் 2021-ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆச்சு இல்ல, அந்த மலை அடிவாரத்துல கால்வாய் வார்றது, தைப்பூசம் முடிஞ்சதும் லாரி லாரியா குப்பை அள்றது எல்லாம் மன்றத்து ஆளுங்கதான். மேல இருக்குற பச்சைக்கு வர்ற காசுல கீழ கூட்டுறவங்களுக்கும் ஒரு பங்கு இறங்கணும்னு நான் சொல்வேன். உங்க ஒய்பியைப் பார்த்தா இந்தக் கேள்வியைக் கேளுங்க, பூங்கா ஊஞ்சலைப் பத்தி அப்புறம் கேட்டுக்கலாம்.

கேள்வி: அக்கா, நான் தோட்டத்துல பொறந்தவன். தாமான் ரிம்பா கியாரா கேஸ்ல பூங்கா ஜெயிச்சதுன்னு எல்லாரும் கொண்டாடினாங்க. அங்க லயத்துல இருக்குற நம்ம சனங்களுக்கு வீடு கிடைக்காம போனதைப் பத்தி யாரும் பேசல. மரத்துக்கு இருக்குற மரியாதை தமிழனுக்கு இல்லையா? — வாசகர், கோலாலம்பூர்

பதில்: இந்தக் கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன்.

நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன், தெரியாதவங்களுக்காக. புக்கிட் கியாரா ஒரு காலத்துல ரப்பர் தோட்டம், பால் வெட்டினவங்க பெரும்பாலும் நம்ம ஆளுங்க. அரசாங்கம் தோட்டத்தை எடுத்துக்கிட்டப்போ அவங்களை நீள லயத்துல, அதாவது வரிசை வீட்டுல, குடிவச்சாங்க, தற்காலிகம்னு சொல்லி, 1980-கள்ல ஆரம்பிச்ச அந்தத் தற்காலிகம் பல பத்து வருஷம் இழுத்துச்சு. அப்புறம் அங்க தாமான் ரிம்பா கியாராங்கிற 25 ஏக்கர் பூங்காவுல ஒரு பகுதியில அடுக்குமாடி சொகுசு வீடுகளும், அதோட சேர்த்து ஒரு பிளாக் மலிவு வீடும் கட்ட 2017-ல அனுமதி கொடுத்தாங்க, மலிவு வீட்டுல லயத்துக்காரங்களுக்கு இடம். பக்கத்துல இருக்குற தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளருங்க கேஸ் போட்டாங்க. 2023 ஏப்ரல்ல கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாதுன்னு சொல்லிடுச்சு. எந்த நிலம் எதுக்குன்னு சொல்ற கட்டமைப்புத் திட்டத்துல பச்சைன்னு போட்டுட்டு அதுக்கு மாறா அனுமதி கொடுத்தா காரணம் சொல்லியாகணும், அந்தத் திட்டம் சும்மா அலங்காரத்துக்கு இல்லைன்னு தீர்ப்பு. சட்டப்படி பார்த்தா நல்ல தீர்ப்பு, நாட்டுல இருக்குற எல்லாத் திடலுக்கும் அது ஒரு கவசம், இதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

உங்க கோபமும் நியாயம். ஆனா கோபம் போக வேண்டிய இடம் மரம் இல்ல அண்ணே. லயத்துக்காரங்களுக்கு வீடு ஒரு கடன், தோட்டத்தை எடுத்த அன்னைக்கே பட்டது. அந்தக் கடனுக்குன்னு அப்போ தனியா காசு வைக்கல. வைக்காததால பூங்காவை வெட்டி அதுல சொகுசு வீடு வித்து, வர்ற லாபத்துல கடனை அடைக்கலாம்னு கணக்குப் போட்டாங்க. மேல சொன்ன அதே கதை, காசு இல்லாத இடத்துல நிலமே காசு. அந்தக் கணக்கு கோர்ட்டுல உடைஞ்சதும் பூங்காவுக்காக நிக்கிறவனும் வீட்டுக்காக நிக்கிறவனும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க, கடன்பட்டவன் ரெண்டு பேர் கண்ணுலயும் படல.

நான் ஒருதடவை அந்தப் பக்கம் போயிருக்கேன். லயத்து வாசல்ல ஒரு பாட்டி முருங்கைக்கீரை உருவிக்கிட்டு உக்காந்திருந்தாங்க, பின்னால சைக்கிள் ஹெல்மெட் போட்டவங்க வரிசையா மலைப்பாதைக்குப் போய்க்கிட்டு இருந்தாங்க. பாட்டிகிட்ட பூங்கா வேணுமா வீடு வேணுமான்னு கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "ரெண்டும் எங்க புருஷன் மண்வெட்டி புடிச்ச மண்ணுதானே, ஏன் ஒன்னுதான் கொடுப்பாங்களாமா?"ன்னுட்டு கீரையைப் பார்த்துக்கிட்டாங்க.

கேள்வி: எங்க திடல் ஓரத்துல ஆலமரத்தடியில முனீஸ்வரன் இருக்கார், எங்க தாத்தா காலத்துலேருந்து. திடலை வார்த்தா பண்ணச் சொல்லி கையெழுத்து கேக்குறாங்க. போட்டா கோயில் போயிடுமா? — வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேட்டீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம்.

வார்த்தாவுல காரியம்னு ஒரு இடம் இருக்குன்னு மேல சொன்னேன் இல்ல. "கவாசான் லாப்பாங்"னு மொத்தத் திடலுக்கும் போட்டுட்டா அதுக்குள்ள கோயில் இருக்குறது அந்தக் காரியத்துக்கு ஒத்துவராதுன்னு ஒரு நாள் யாராவது சொல்வாங்க. அதனால மனு எழுதும்போதே கோயில் நிக்கிற அளவைத் தனியாப் பிரிச்சு, வழிபாட்டு இடம்னு தனி ஒதுக்கீடு கேளுங்க, ரெண்டு நிலம் ரெண்டு காரியம். பக்கத்துல பக்கத்துல இருக்கலாம், ஒன்னுக்குள்ள ஒன்னு இருந்தாத்தான் வில்லங்கம். இந்து அறப்பணி வாரியத்துலயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, பினாங்குல அது 1906 சட்டத்துலேருந்து வந்த அமைப்பு, கோயில் நில விவகாரம் அவங்களுக்குப் பழக்கம்.

"எங்ககிட்ட டி.ஓ.எல். இருக்கு, போதாதா"ன்னு சில பேரு கேக்குறாங்க. டி.ஓ.எல். தற்காலிக அனுமதி, எந்த மாசம் எடுத்தாலும் டிசம்பர் 31-ஓட முடிஞ்சிடும், வருஷாவருஷம் புதுப்பிக்கணும், எடுத்தவர் காலமாயிட்டா அவரோட போயிடும். பூசாரி தாத்தா பேர்ல எடுத்து வச்சுட்டு அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் கழிச்சு முழிச்சுக்கிட்ட கோயில் எனக்கே தெரியும். எதுவுமே இல்லாம அரசாங்க நிலத்துல இருக்குறது சட்டப்படி குத்தம், தாத்தா காலத்துலேருந்து இருக்கோம்ங்கிறது அந்த ஆபீஸ்ல எடுபடாது.

இன்னொன்னு, திடலை வார்த்தா பண்றவங்களோட சண்டை போடாதீங்க. திடலுக்குப் பேப்பர் இல்லாம போய் நாளைக்கு அங்க கொண்டோ வந்தா முனீஸ்வரன் முதல்ல போவார்.

கேள்வி: எங்க வீட்டு எதிர்ல பெரிய அங்சானா மரம். பக்கத்து நிலத்துக்காரர் வெட்டப் போறேங்கிறார், தனியார் நிலமாம். தடுக்க முடியுமா? — வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: 1976 திட்டமிடல் சட்டத்துல மரப் பாதுகாப்பு உத்தரவுன்னு ஒன்னு இருக்கு. அந்த உத்தரவு இல்லாட்டியும் தண்டோட சுத்தளவு 0.8 மீட்டரைத் தாண்டின மரத்தை மன்றத்தோட எழுத்து அனுமதி இல்லாம வெட்டக் கூடாது, சில விதிவிலக்கு உண்டு, மரம் பட்டுப்போச்சு, விழுந்து ஆள் மேல படும் அப்படின்னா. தையல் டேப் இருந்தா எடுத்துக்கிட்டுப் போங்க, அதுல 80 சென்டிமீட்டர் எங்க வருதுன்னு பேனாவால குறிச்சு வச்சுக்குங்க, மரத்தைச் சுத்தினதும் டேப் பத்தாம போனா ஒரு போட்டோ எடுத்து மன்றத்துக்கு அனுப்புங்க. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுல இருக்குற நேரமாப் பார்த்துப் போக வேணாம்.